நீனாசம்னா என்ன? ஹெக்கோடு கிராமத்துக் கலை மையம் வளர்ந்த கதை

'லூசியா' படத்து ஹீரோ பேரு சதீஷ் நீனாசம். 'காந்தாரா'ல நிலக்கிழாரா வந்த அச்யுத் குமாரைப் பத்தி எங்க எழுதினாலும் "நீனாசம்ல படிச்சவர்"னு ஒரு வரி வந்துடும். இதைப் பாத்துட்டு நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு நீனாசம்ங்கறது பெங்களூர்ல இருக்கற ஏதோ ஆக்டிங் ஸ்கூல்னு நினைச்சுக்கறாங்க, மீதிப் பேரு அது குடும்பப் பேரு போலன்னு விட்டுடறாங்க. அது ஒரு கிராமத்து நாடக சங்கம். முழுப்பேரு நீலகண்டேஷ்வர நாட்யசேவா சங்கம், அதோட முதல் எழுத்தையெல்லாம் சேத்துதான் நீனாசம். நீலகண்டேஷ்வரர் அந்த ஊர் சாமி. ஊரு ஹெக்கோடு, கர்நாடகாவுல சிவமொக்கா மாவட்டம், சாகர தாலுகா. ஆரம்பிச்ச வருஷம் 1949.

ஒரு சின்ன ஊரு, சுத்தி பாக்குத்தோப்பு, பெங்களூர்லேருந்து சுமார் 350 கிலோமீட்டர். இங்க எப்படி எழுபது வருஷத்துக்கு மேல ஒரு கலை மையம் நின்னுச்சு, அதுவும் ரேமோன் மகசேசே விருது வாங்கற அளவுக்கு வளந்துச்சுங்கறதுதான் விஷயம். "சுப்பண்ணான்னு ஒரு பெரிய மனுஷன் இருந்தாரு, அவரு பண்ணினாரு"ன்னு ஒரே வரில சொல்லிடறாங்க. அது உண்மைதான் ஆனா பாதி உண்மை. எதை முதல்ல பண்ணாங்க, எதைப் பின்னாடி பண்ணாங்கங்கற வரிசையைப் பாத்தாதான் மீதி புரியும்.

முதல்ல நாலு வார்த்தை

கர்நாடக நாடக உலகத்தைப் பத்திப் படிக்கறப்ப இந்த நாலும் திரும்பத் திரும்ப வரும், அதனால இங்கயே தெளிவு பண்ணிக்கலாம்.

1. சங்கம். சட்டப்படி பதிவு பண்ணின சொசைட்டி. இதுக்கு முதலாளி கிடையாது, பங்கு கிடையாது. உறுப்பினர்கள், பொதுக்குழு, நிர்வாகக் குழு, வருஷக் கணக்கு, அவ்வளவுதான். மிச்சமாகற காசை யாரும் பிரிச்சு எடுத்துக்க முடியாது, திரும்ப அந்த வேலைக்கே போடணும்.

2. கம்பெனி நாடகம். குப்பி வீரண்ணா கம்பெனி மாதிரி தொழில்முறை நாடகக் குழுக்கள். டிக்கெட் வித்து அதுலயே வாழணும். நம்மூர் பாய்ஸ் கம்பெனி மரபுக்கு இது ரொம்ப நெருக்கம், குப்பி கம்பெனி தமிழ்ப் பகுதிலயும் வந்து ஆடியிருக்கு. சினிமா வந்தப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தேஞ்சு போச்சு.

3. ஹவ்யாசி. அமெச்சூர் நாடகம். பகல்ல வேற வேலை, சாயங்காலம் ஒத்திகை. சம்பளம் கிடையாது.

4. ரெப்பர்ட்டரி. ஒரே நடிகர் குழு ரெண்டு மூணு நாடகத்தை ஒரே சமயத்துல தயாரா வெச்சுக்கிட்டு, இன்னைக்கு இது நாளைக்கு அதுன்னு மாத்தி மாத்திப் போடறது. நடிகர்களுக்கு சம்பளம் உண்டு.

நீனாசம் மூணாவதுல ஆரம்பிச்சு நாலாவதுக்கு வந்துச்சு, ஆனா மூணாவதை விடவே இல்ல. இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஊரு எப்படிப்பட்ட ஊரு

சாகர தாலுகா மலநாடுப் பகுதி. மழை கொட்டும் ஊரு, ஜோக் அருவி இங்கேருந்து கிட்டதான். கேளடி நாயக்கர்கள் ஆண்ட பகுதி, இக்கேரி கேளடி ரெண்டும் இதே தாலுகாலதான் இருக்கு. பயிருன்னு பாத்தா பாக்குதான் ராஜா. நெல்லு மாதிரி இல்ல பாக்கு, பணப்பயிர், அதனால தோட்டம் வெச்சிருக்கற குடும்பங்க கைல கொஞ்சம் காசும் இருந்துச்சு, பிள்ளைங்களை மைசூருக்கு அனுப்பிப் படிக்க வைக்கற வசதியும் இருந்துச்சு.

கலைன்னு பாத்தா யக்ஷகானம். நம்ம தெருக்கூத்து மாதிரி ராத்திரி முழுக்க நடக்கற ஆட்டம். அதோட இன்னொரு வடிவம் தாளமத்தளே, இதுல வேஷமும் கிடையாது ஆட்டமும் கிடையாது, பாகவதர் பாட மத்தவங்க உக்காந்தபடியே ராமன் வாலி கர்ணன்னு பாத்திரத்தை எடுத்துக்கிட்டு மணிக்கணக்கா வாதம் பண்ணுவாங்க. மழைக்காலத்துல வெளிய மேடை போட முடியாதப்ப இதுதான் நடக்கும். வாலியைக் கொன்னது சரியா தப்பான்னு விடியவிடிய ரெண்டு பேரு வார்த்தையாலயே மோதிக்கறதைக் கேட்டு வளந்த ஊருக்கு, வசனம் அதிகமா இருக்கற ஒரு நவீன நாடகம் அந்நியமா இருக்காது. நகரத்துலேருந்து வர்ற ஆளுங்க "கிராமத்துக்காரங்களுக்கு ஷேக்ஸ்பியர் புரியுதா"ன்னு ஆச்சரியப்படறப்ப இதைத்தான் மறந்துடறாங்கன்னு எனக்குத் தோணும்.

அரசியல் பக்கம் பாத்தா சாகர சோஷலிஸ்ட்டுகளோட கோட்டை. 1951-ல இதே தாலுகாவுல காகோடு கிராமத்துல குத்தகை விவசாயிகள் சத்தியாகிரகம் நடந்துச்சு, குத்தகை நெல்லை அளக்கற கொளகம்ங்கற மரக்கால்ல பண்ணையாருங்க ஏமாத்தறாங்கன்னு ஆரம்பிச்ச சண்டை அது, சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவே வந்து கைதானாரு. அடுத்த வருஷம் 1952 தேர்தல்ல சோஷலிஸ்ட்டான சாந்தவேரி கோபால கவுடா இந்தப் பக்கத்துலேருந்து சட்டசபைக்குப் போனாரு. பெரிய விஷயத்தைப் பேச டெல்லிக்கோ இங்கிலீஷுக்கோ போகத் தேவையில்ல, அவங்கவங்க மொழில அவங்கவங்க ஊர்ல பேசலாம்ங்கறது லோகியா சிந்தனைல ஒரு முக்கியமான பகுதி. அந்தக் காத்து நீனாசம் மேலயும் அடிச்சுது.

1949லேருந்து 1972 வரைக்கும்: கட்டடம் இல்லாத காலம்

கே.வி.சுப்பண்ணா பொறந்தது 1932. பாக்குத்தோட்டக் குடும்பம். சங்கம் ஆரம்பிச்சப்ப அவருக்கு 17 வயசுதான், கூட இருந்தவங்க ஊர்க்காரங்களும் சொந்தக்காரங்களும். அப்புறம் மைசூர் போயி படிச்சாரு, கன்னடக் கவிஞர் குவெம்பு அங்க இருந்த காலம். படிச்சு முடிச்சவரு அங்கயே வேலை தேடிக்காம ஊருக்குத் திரும்பி வந்து தோட்டத்தைப் பாத்துக்கிட்டே நாடகம் போட்டாரு. 1950-களோட கடைசில அக்ஷர பிரகாசனன்னு ஒரு பதிப்பகமும் ஆரம்பிச்சாரு.

இந்தப் பதிப்பகத்தை யாரும் பெருசா கண்டுக்கறதில்ல, ஆனா இது இல்லன்னா மீதி எதுவும் நடந்திருக்காதுன்னு நினைக்கறேன். நாடகம் போடணும்னா பிரதி வேணும். கன்னடத்துல நல்ல மொழிபெயர்ப்பு இல்லன்னா மொழிபெயர்க்கணும், மொழிபெயர்த்தா அச்சடிக்கணும், அச்சடிச்சா இன்னொரு ஊர்க் குழு அதை வாங்கி அவங்களும் போடுவாங்க. ஹெக்கோடுக்கு வெளிய நீனாசம் பேரு முதல்ல போனது மேடை வழியா போன அளவுக்கு புத்தகம் வழியாவும் போச்சு.

நிரந்தர அரங்கம் வந்தது 1972-ல. சிவராம காரந்த ரங்கமந்திரான்னு பேரு. காரந்த் கன்னட நாவலாசிரியர், பின்னாடி ஞானபீடம் வாங்கினவர், யக்ஷகானத்தைப் பத்தி வாழ்நாள் பூரா வேலை பாத்தவர். கணக்குப் பாருங்க, சங்கம் ஆரம்பிச்சு 23 வருஷம் கழிச்சுதான் சொந்த அரங்கம். அதுவரைக்கும் பந்தல், கொட்டகை, கிடைச்ச இடம். அரங்கம் வந்தப்ப அதுக்குள்ள உக்கார ஒரு தலைமுறை ஆடியன்ஸ் ஏற்கனவே தயாரா இருந்துச்சு. பொதுவா எல்லா ஊர்லயும் இது தலைகீழா நடக்கும், முதல்ல கட்டடம் திறப்பு விழா கல்வெட்டு, அப்புறம் உள்ள என்ன பண்றதுன்னு தெரியாம கல்யாணத்துக்கு வாடகைக்கு விடறது.

ஒரு ஒப்பீட்டுக்காக: இங்கிலாந்துல முதல் ஆர்ட்ஸ் சென்டர்னு சொல்லப்படறது பிரிட்ஜ்வாட்டர்னு ஒரு சின்ன ஊர்ல 1946-ல திறந்தது. கிட்டத்தட்ட அதே காலம், ஊரும் சின்ன ஊருதான். ஆனா அங்க ஆர்ட்ஸ் கவுன்சில்னு ஒரு அரசு அமைப்பு பின்னாடி நின்னுச்சு. ஹெக்கோடுல பின்னாடி நின்னது பாக்கு.

சினிமா எதுக்கு வந்துச்சு

1973-ல நீனாசம் சித்ரசமாஜன்னு ஒரு ஃபிலிம் சொசைட்டி ஆரம்பிச்சாங்க. நாடக சங்கத்துக்கு சினிமா எதுக்குன்னு கேக்கலாம். இங்கதான் நீனாசம் மத்த நாடகக் குழுக்கள்லேருந்து பிரியுது.

ஃபிலிம் சொசைட்டின்னா என்னன்னு கொஞ்சம் சொல்லணும். தியேட்டருக்கு வராத உலகப் படங்களை உறுப்பினர் சந்தா கட்டிப் பாக்கற கிளப். இந்தியா முழுக்க இருக்கற சொசைட்டிங்களுக்கு 1959-ல ஒரு கூட்டமைப்பு வந்துச்சு, சத்யஜித் ராய் அதோட முதல் தலைவர். புனேல நேஷனல் ஃபிலிம் ஆர்க்கைவ் 1964-ல வந்துச்சு, அங்க இருந்த பி.கே.நாயர் பெட்டில பூட்டி வைக்கறதுக்கா படம் சேக்கறோம்னு நினைக்கற டைப், கேட்டவங்களுக்கு பிரிண்ட் அனுப்பி வெச்சாரு. அப்போ இருந்த சொசைட்டிங்க பெரும்பாலும் நகரத்துல, இங்கிலீஷ் படிச்சவங்க நடத்தினது. ஹெக்கோடு அதை அப்படியே திருப்பிப் போட்டுச்சு.

பாக்கு உரிக்கற ஆளுங்க, தோட்டக்காரங்க, பள்ளிக்கூட வாத்தியாருங்க, வீட்டுப் பெண்கள்னு எல்லாரும் உக்காந்து ராய், குரோசாவா, சாப்ளின், டி சிக்கா படங்களைப் பாத்தாங்க. சப்டைட்டில் இங்கிலீஷ்ல, படிக்கத் தெரிஞ்சவங்க கொஞ்சம் பேரு. அதனால படத்தைப் பத்தி கன்னடத்துல எடுத்துச் சொல்ற வேலையையும் சங்கமே பாத்துக்குச்சு. அப்புறம் ஃபிலிம் அப்ரிசியேஷன் கோர்ஸும் நடத்தினாங்க, புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்லேருந்து சதீஷ் பகதூர், ஆர்க்கைவ்லேருந்து நாயர்னு ஆளுங்க வந்து கிராமத்துல உக்காந்து ஷாட்னா என்ன, எடிட்டிங்னா என்னன்னு பாடம் எடுத்தாங்க.

இதுல யாரையும் டைரக்டர் ஆக்கற நோக்கம் கிடையாது. பாக்கறவங்களை உருவாக்கறதுதான் நோக்கம். கலை மையம்னு சொன்னாலே நம்ம மனசுல வர்றது "கலைஞர்களை உருவாக்கற இடம்"னுதான், பரதநாட்டிய கிளாஸ், கீபோர்டு கிளாஸ், ஆண்டு விழா. நீனாசம் தலைகீழா யோசிச்சுது. நல்ல நாடகம் போடறவன் ஊருக்கு பத்து பேரு போதும், பாக்கறவன் ஆயிரம் பேரு வேணும், அந்த ஆயிரம் பேரு தானா வர மாட்டாங்க, அவங்களுக்கும் பயிற்சி வேணும். 1991-ல சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது குடுத்தப்பவும் உலகத்தோட நல்ல படங்களையும் மேடை நாடகத்தையும் கர்நாடகக் கிராமங்களுக்குக் கொண்டு போனதைத்தான் காரணமா சொன்னாங்க. அதுல படங்கள் முதல்ல வருது, கவனிங்க.

1980: நாடகப் பள்ளி

1980-ல நீனாசம் தியேட்டர் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சுது. கிட்டத்தட்ட ஒரு வருஷ டிப்ளமோ, தங்கிப் படிக்கணும். டெல்லி நேஷனல் ஸ்கூல் ஆஃப் டிராமாவுல படிச்சுட்டு வந்தவங்க இங்க பாடம் எடுத்தாங்க, சிதம்பர ராவ் ஜம்பே ரொம்ப நாள் பிரின்சிபாலா இருந்தாரு, அப்புறம் மைசூர்ல அரசு நடத்தற நாடக அமைப்பான ரங்காயணாவுக்கு இயக்குநரா போனாரு. சுப்பண்ணாவோட பையன் கே.வி.அக்ஷராவும் டெல்லில படிச்சு, இங்கிலாந்துல லீட்ஸ்ல படிச்சு, திரும்பி ஹெக்கோடுக்கே வந்தவர்.

டெல்லி ஸ்கூல் இருக்கறப்ப இன்னொன்னு எதுக்கு? முக்கியமா மொழி. டெல்லில இந்தில படிக்கணும், படிச்சு முடிச்சா பாதிப் பேரு பம்பாய் போயிடுவாங்க. கன்னடத்துலயே படிச்சு கன்னட ஊர்லயே வேலை பாக்கற ஆள் வேணும்னா பள்ளி அங்கயே இருக்கணும். இங்க படிச்சவங்கள்ல பல பேரு சினிமாவுக்கும் சீரியலுக்கும் போனது உண்மைதான், நமக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் அவங்கதான். தெரியாத பேருதான் ஜாஸ்தி, சொந்த ஊருக்குப் போயி குழு ஆரம்பிச்சவங்க, ஸ்கூல்ல நாடக வாத்தியாரா இருக்கறவங்க.

தமிழ்ல இதே காலத்துல நடந்ததைப் பக்கத்துல வெச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியும். 1977-ல சென்னைல கூத்துப்பட்டறை, அதே வருஷம் காந்திகிராமத்துல நாடகப் பட்டறை, அப்புறம் தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்துலயும் புதுச்சேரிலயும் நாடகத் துறைகள். திறமைக்கு ஒண்ணும் பஞ்சமில்ல. ஆனா பெரும்பாலும் நடிகர், இயக்குநர் பயிற்சியோட நின்னுச்சு, ஊர் ஊரா ஆடியன்ஸைத் தயார் பண்ற வேலை அதே அளவுக்கு நடக்கல.

ஜனஸ்பந்தனமும் சித்திகளும்

1983-ல ஃபோர்டு ஃபவுண்டேஷன் பண உதவியோட ஜனஸ்பந்தனன்னு ஒரு திட்டம் வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு கர்நாடகா முழுக்க கிராமங்களுக்குப் போயி நாடகப் பட்டறையும் சினிமா ரசனைப் பட்டறையும் நடத்தினாங்க. வெளியாளுங்க நாடகம் போட்டுட்டுக் கிளம்பிடக் கூடாது, ஊர்க்காரங்களை வெச்சே போடணும்ங்கறது இதோட முறை.

அந்தக் காலகட்டத்துல பண்ணின வேலைகள்ல பெருசா பேசப்படறது சித்திகளோட பண்ணினது. சித்திகள்னா நூத்தாண்டுகளுக்கு முன்னாடி ஆப்பிரிக்காவுலேருந்து அடிமைகளா கொண்டு வரப்பட்டவங்களோட வம்சம், உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டுப் பகுதில இருக்கறவங்க. அவங்களை வெச்சு மஞ்சிக்கேரில ஒரு குழு உருவாச்சு, ஜம்பே இயக்கினாரு. எடுத்துக்கிட்ட கதை நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியோட நாவல், வெள்ளைக்காரன் வந்து ஒரு ஆப்பிரிக்க ஊரு உடையற கதை. ஆப்பிரிக்க வேர் உள்ள ஒரு சமூகம் அந்தக் கதையைக் கன்னடத்துல, தங்களோட பாட்டையும் தாளத்தையும் வெச்சு ஆடினாங்க. இதை வெறும் சாதனைப் பட்டியல்ல ஒரு வரியா போட்டுடறது அநியாயம். பாக்குத்தோட்ட ஊர்ல ஆரம்பிச்ச ஒரு சங்கம் தன்னோட சாதி வட்டத்தைத் தாண்டினது இந்த மாதிரி வேலைலதான். அதுக்கப்புறம் சித்தி சமூகத்துப் பசங்க நீனாசம்ல சேந்து படிச்சாங்க, நடிகர் பிரசாந்த் சித்தி அப்படி வந்தவர்தான்.

திருகாட்டம் எப்படி ஓடுது

ஜனஸ்பந்தனம் முடிஞ்சதும் 1985-ல திருகாட்ட ஆரம்பிச்சுது, ஊர் சுத்தற ரெப்பர்ட்டரி. நம்ம வசதிக்கு திருகாட்டம்னு வெச்சுக்கலாம். நீனாசத்தை கர்நாடகா முழுக்கத் தெரிய வெச்சது இதுதான், அதனால இதோட மெக்கானிசத்தைக் கொஞ்சம் விவரமா பாக்கலாம்.

1. ஒவ்வொரு வருஷமும் புதுக் குழு. டிப்ளமோ முடிச்சவங்கதான் பெரும்பாலும், ஒரு சீசனுக்கு சம்பளத்துக்கு எடுப்பாங்க. நிரந்தர வேலை கிடையாது.

2. மழைக்காலத்துல ஒத்திகை. பெரும்பாலும் ஒரு சமஸ்கிருத அல்லது இந்திய நாடகம், ஒரு மேல்நாட்டு நாடகம், ஒரு கன்னட நாடகம்னு கலவையா இருக்கும். எல்லாமே கன்னடத்துலதான்.

3. அக்டோபர் வாக்குல ஹெக்கோடுல முதல் காட்சிகள். அதே சமயம் வருஷா வருஷம் சம்ஸ்கிருதி ஷிபிரான்னு ஒரு பண்பாட்டு முகாம் நடக்கும், பல ஊர்லேருந்து வந்தவங்க தங்கி காலைல விவாதம், சாயங்காலம் நாடகம். கன்னட எழுத்தாளர் யு.ஆர்.அனந்தமூர்த்தி இருந்த வரைக்கும் இதுல முக்கியமான ஆள்.

4. மழை ஓஞ்சதும் வண்டில செட்டு, லைட்டு, உடை எல்லாம் ஏத்திக்கிட்டு கிளம்புவாங்க. சில மாசம் ஊர் ஊரா. நடிகர்தான் செட்டும் இறக்குவாரு, லைட்டும் கட்டுவாரு.

5. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு உள்ளூர் அமைப்பு கூப்பிடும். காட்சிக்கு ஒரு தொகை, சாப்பாடு, தங்க இடம். டிக்கெட் விக்கறது, ஆள் கூட்டறது எல்லாம் அவங்க பொறுப்பு.

அந்த அஞ்சாவது பாயிண்ட்லதான் உயிர் இருக்கு. ஒரு தாலுகா ஊர்ல நாடகத்தைக் கூப்பிடணும்னா நாலு வாத்தியாரு, ரெண்டு கடைக்காரரு, ஒரு டாக்டருன்னு சேந்து கமிட்டி போட்டாகணும், வருஷா வருஷம் போட்டாகணும், அப்போதான் அந்த ஊர்லயும் ஒரு குட்டி நீனாசம் உருவாகும். முதல் பாயிண்ட்டையும் கவனிங்க. மைசூர்ல 1989-ல நாடக இயக்குநர் பி.வி.காரந்த் (நாவலாசிரியர் காரந்த் இல்ல, இவர் வேற) தலைமைல அரசு ஆரம்பிச்ச ரங்காயணாவுல நடிகர்களுக்கு நிரந்தரச் சம்பளம். அங்க ஒரே நடிகர் பல வருஷம் சேந்து வேலை பாத்து ஆழமா போகலாம். திருகாட்டத்துல அது நடக்காது, வருஷா வருஷம் புதுசு, சில வருஷம் நடிப்பு பச்சையாவே இருக்கும், ஆனா செலவு கட்டுக்குள்ள இருக்கும், பயிற்சி எடுத்த ஆளுங்க மாநிலம் முழுக்கப் பரவிக்கிட்டே இருப்பாங்க. ரெண்டுல எது சிறந்ததுன்னு சண்டை போடறதுல அர்த்தமில்ல, ரெண்டும் வேற வேற வேலைக்கு.

காசு எங்கேருந்து வருது

"கிராமத்துக்காரங்களே நடத்தற மையம்"னு சொல்றப்ப அரசுப் பணமே இல்லன்னு அர்த்தம் பண்ணிக்கக் கூடாது. நாடகப் பள்ளிக்கு மாநில அரசு உதவி உண்டு. ஜனஸ்பந்தனத்துக்கு வெளிநாட்டு ஃபவுண்டேஷன் பணம் வந்துச்சு. திருகாட்டத்துக்கு கூப்பிடற ஊரு குடுக்கற தொகை. ஊர்க்காரங்களோட உழைப்புக்கும் சோத்துக்கும் கணக்கே கிடையாது.

முக்கியமான விஷயம், ஒவ்வொரு வேலைக்கும் வேற வேற இடத்துலேருந்து காசு. ஒரு மானியம் நின்னா அந்த ஒரு வேலை அடிபடும், மொத்தக் கடையையும் மூடத் தேவையில்ல. ஃபோர்டு பணம் முடிஞ்சப்ப திட்டம் முடிஞ்சுது, ஆனா அதுலேருந்து திருகாட்டம்னு தன் கால்ல நிக்கற ஒண்ணு முளைச்சுது. பொதுவா ஃபவுண்டேஷன் பணம் வாங்கின அமைப்புகள் பணம் நின்னதும் அடுத்த ஃபவுண்டேஷனைத் தேடும், அந்த ஃபவுண்டேஷனுக்குப் புடிச்ச மாதிரி வேலையை மாத்திக்கும். காஞ்சிபுரம் பக்கத்துல கட்டைக்கூத்துச் சங்கம் 1990-ல ஆரம்பிச்சு 2002-லேருந்து ஒரு குருகுலமும் நடத்துச்சு, பசங்க தங்கி கூத்தும் பாடமும் சேத்துப் படிச்சாங்க, 2020-ல குருகுலம் நின்னுடுச்சு. தங்கிப் படிக்கற பள்ளிக்கூடம்ங்கறது எவ்வளவு நல்லா நடந்தாலும் தொடர்ந்து ஓட்டறது பெரிய பாரம், அதைச் சுத்தி வேற நாலு தூண் வேணும்.

இங்கதான் மூணாவது வார்த்தை, ஹவ்யாசி, திரும்ப வருது. ரெப்பர்ட்டரி, பள்ளி எல்லாம் வந்தப்புறமும் ஊர்க்காரங்க சாயங்காலம் ஒத்திகை பாத்து நாடகம் போடறதை நிறுத்தல. சம்பளக் குழு நல்லா ஆடுதுன்னு ஊரு ஒதுங்கிட்டா சங்கம் ஒரு ஆபீஸ் ஆயிடும்.

குறை சொல்றவங்க என்ன சொல்றாங்க

எல்லாம் நல்லதுன்னு சொல்லிட்டுப் போனா அது விளம்பரம். முதல் குறை சாதி. ஆரம்பிச்சவங்க பெரும்பாலும் ஹவ்யக பிராமணத் தோட்டக் குடும்பங்கள். பக்கத்துல காகோடுல குத்தகைக்காரங்க மரக்காலுக்காக ஜெயிலுக்குப் போன காலத்துல இங்க தோட்டக்காரங்க நாடகம் போட்டாங்க, நேரமும் வசதியும் யாருகிட்ட இருந்துச்சுங்கறது கேக்க வேண்டிய கேள்விதான். சித்திகள் வேலை, எல்லாச் சமூகத்துப் பசங்களையும் பள்ளில சேத்தது இதெல்லாம் ஒரு பதில், ஆனா முழுப் பதில்னு சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது, வாரிசு. அப்பாவுக்கு அப்புறம் பையன். சுப்பண்ணா 2005-ல காலமானாரு, அதுக்கப்புறமும் சங்கம் நடக்குது, அக்ஷராதான் முன்னாடி நிக்கறாரு. அக்ஷராவோட திறமைல யாருக்கும் சந்தேகமில்ல. ஆனா ஒரு சங்கத்தை ஒரே குடும்பத்தோட பேரை வெச்சே வெளியுலகம் அடையாளம் காட்டறப்ப அடுத்த கை மாறறது எப்பவும் கஷ்டம்.

மூணாவது, சீரியஸ் நாடகம் மட்டும்தானா, கம்பெனி நாடகத்தோட சிரிப்பும் பாட்டும் எங்கன்னு கேக்கறவங்களும் உண்டு. இது ரசனை விஷயம், விட்டுடலாம்.

ஊருக்கு என்ன ஆச்சு

ஒரு கலை மையம் ஒரு ஊர்ல இருந்தா சுத்தி வேற விஷயங்களும் வரும். டைரக்டர் பிரசன்னா, 1970-கள்ல சமுதாயாங்கற நாடக இயக்கத்தை ஆரம்பிச்சவர், ஹெக்கோடுப் பக்கம் வந்து தங்கினாரு. பக்கத்து ஊர் பீமனகோணேல சரகான்னு பெண்களோட கைத்தறிக் கூட்டுறவு சங்கம் உருவாச்சு, இயற்கைச் சாயம் போட்ட துணி, அது தேசிங்கற பேர்ல கடைகள்ல விக்குது. நாடகத்துக்கும் தறிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்ல. ஆனா கமிட்டி போடறது, கணக்கு எழுதறது, நாலு பேரைக் கூட்டி உக்கார வெச்சுப் பேசறது இதெல்லாம் ஏற்கனவே பழக்கமான ஊர்ல இன்னொரு சங்கம் ஆரம்பிக்கறது ஈஸி.

போறவங்களுக்கு

மைசூர், பெங்களூர்லேருந்து தாளகுப்பா போற ரயில் சாகர ஜம்பகாருல நிக்கும், அங்கேருந்து ஹெக்கோடு கிட்டதான். அக்டோபர் முகாமுக்கு முன்கூட்டியே விண்ணப்பிச்சு இடம் வாங்கணும், சும்மா போயி உக்கார முடியாது. டிப்ளமோ, முகாம், நாடகம் எல்லாமே கன்னடத்துலதான் நடக்கும். கன்னடம் தெரியாதவங்க நாடகத்தைப் பாக்கலாம், ஓசூர் கோயம்புத்தூர்க்காரங்களுக்குப் பாதி புரிஞ்சே போகும், ஆனா காலைல நடக்கற விவாதத்துல உக்காந்தா தலை சுத்தும். சாகர வரைக்கும் போக முடியாதவங்க குளிர்காலத்துல பெங்களூர், மைசூர் பக்கம் இருந்தா திருகாட்டம் எந்த ஊருக்கு வருதுன்னு பாத்துக்கிட்டு அந்த ஊரு கமிட்டில டிக்கெட் கேளுங்க.